பழைய ரத்தமும் ஒரு மந்திரியின் தரிசனமும்

ரத்தம் ஏற்றினால் உடம்புக்குத் தெம்பு வந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் இரண்டு ரகம். நோயாளியின் மாமியார் ஒரு ரகம். மேல்படிப்பெல்லாம் முடித்துவிட்டு வெள்ளைக் கோட்டோடு நடமாடும் டாக்டர்கள் இன்னொரு ரகம். மாமியாரை மன்னித்துவிடலாம். அவர் கையில் ஊசி இல்லை.

மயக்க மருந்துத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்று சித்தூர் வீட்டில் உட்கார்ந்திருக்கிற கிழவி, பொறுமை, சேவை, அர்ப்பணிப்பு என்று இனிப்பாக எழுதித் தருவாள் என்று நினைத்திருப்பார்கள். அதற்கு வேறு ஆள் பாருங்கள். நான் திருப்பதியில் இதய அறுவைப் பிரிவில் காலம் தள்ளியவள். அங்கே நான் பார்த்த முட்டாள்தனங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். எந்த மருத்துவமனையில் வேலை பார்த்தாலும் அது உங்களுடையது மாதிரியேதான் தெரியும்.

லோகேஸ்வரி என்று ஒரு பெண். நகரியில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. அதில் இதயத்தின் ஒரு வால்வு சுருங்கிப்போய், நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற நிலைக்கு வந்த பிறகுதான் எங்களிடம் வந்தாள். முன்னாலேயே ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"தறி நின்னுபூடுமே டாக்டரம்மா" என்றாள்.

கணவர் ஊரில் இரண்டு பிள்ளைகளையும் தறியையும் பார்த்துக்கொண்டார். துணைக்கு வந்தவன் அவள் தம்பி தாமோதரன். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வரதய்யபாளையத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அக்காவுக்காக லீவு போட்டுவிட்டு ஐ.சி.யூ. வாசலிலேயே கிடந்தான்.

வால்வு மாற்றும் அறுவை நன்றாகவே முடிந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் சர்ஜன் வேலூர்க்காரர், தங்கமான கை. தையல் போட்டு முடித்த பிறகு யோசிப்பதுதான் அவருக்குப் பிடிக்காத வேலை. மறுநாள் காலையில் அவள் மார்பில் வைத்திருந்த குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இந்த அறுவைக்குப் பிறகு அது நடப்பதுதான். ரத்த அளவு குறைந்திருக்கிறது, இரண்டு பை ஏற்றுங்கள் என்று எழுதிவிட்டு அவர் அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்.

மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்த நேரம், பி.பி. விழுகிறது என்று கூப்பிட்டார்கள். கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

நான் போனபோது சர்ஜன் படுக்கையருகே நின்று கத்திக்கொண்டிருந்தார். உங்களைப் போல ஒரு பயிற்சி டாக்டர், பெயர் சொல்லி அவன் மானத்தை வாங்க மாட்டேன், ரத்தப் பையை இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்துகொண்டிருந்தான். வியர்த்துக் கொட்டியது அவனுக்கு.

"உள்ள எங்கியோ கசியுது மேடம்" என்றார் சர்ஜன். "ரெண்டாவது பையையும் மாட்டச் சொல்லுங்க. அழுத்தி ஏத்தினா பி.பி. தூக்கிடும். தூக்கலன்னா திரும்பத் தெறந்து பாத்துடலாம்."

நான் மானிட்டரைப் பார்த்தேன். நீங்களும்தான் பார்க்கிறீர்கள், நாள் முழுக்க. எண் விழுந்தால் ஒரு மருந்து, எண் ஏறினால் ஒரு மருந்து. அந்த எண் ஏன் விழுந்தது என்று கேட்கிற வழக்கம் மட்டும் உங்கள் யாருக்கும் கிடையாது. லோகேஸ்வரிக்கு பி.பி. விழுந்திருந்தது, சரி. ஆனால் நுரையீரல் குழாயின் அழுத்தம் தாறுமாறாக ஏறியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. ரத்தம் இழந்து பி.பி. விழுகிறவளுக்குக் கழுத்து நரம்பு எதற்கப்பா புடைக்கிறது? இதைக் கேட்க எம்.டி. படிப்பு தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டிக்கொண்டாலும் கழுத்து நரம்பு புடைக்கும் என்று உங்களில் கெட்டிக்காரன் ஒருவன் சொல்வான். வாஸ்தவம். அதனால் எக்கோ வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் ஒன்றும் கட்டவில்லை. இதயத்தின் வலது பக்கம் மட்டும் ஊதிப்போய்த் திணறிக்கொண்டிருந்தது. குரூப் மாறிவிட்டதா என்று பையில் ஒட்டிய சீட்டையும் அவள் கை வளையத்தையும் ஒத்துப் பார்க்கச் சொன்னேன். பி பாசிடிவ், இரண்டும் சரியாகவே இருந்தது. மானிட்டரில் பின்னால் போய்ப் பார்த்தேன். பை ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நுரையீரல் அழுத்தம் ஏற ஆரம்பித்திருக்கிறது. அது ஏற ஏற பி.பி. இறங்கியிருக்கிறது. பி.பி. இறங்கியதும் இவர்கள் பையை வேகமாக விட்டிருக்கிறார்கள். வேகமாக விட்டதும் இன்னும் இறங்கியிருக்கிறது.

"அந்தப் பைய மூடுப்பா" என்றேன்.

பயிற்சி டாக்டர் சர்ஜன் முகத்தைப் பார்த்தான். சர்ஜன் எகிறினார். "பி.பி. விழுந்துட்டே இருக்கு, நீங்க ரத்தத்த நிறுத்தச் சொல்றீங்களா? அப்புறம் இது உங்க பொறுப்பு மேடம்."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். "இவ்ளோ நேரம் யாரு பொறுப்புன்னே தெரியாம இருந்துச்சு." நானே பையின் குழாயை மூடினேன்.

என்ன நடந்தது என்று விளங்காமல் முழிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ரத்தம் பையில் இருக்கும்போதும் அதற்கு வயதாகிறது. வாரங்கள் போகப் போக சிவப்பணுக்களில் சில உடைந்து, உள்ளே இருக்கிற ஹீமோகுளோபின் வெளியே வந்து மிதக்கும். நம் ரத்தக் குழாய்களின் சுவர், நைட்ரிக் ஆக்சைடு என்ற ஒரு வாயுவைத் துளித் துளியாகச் சுரந்துதான் குழாயைத் தளர்வாக வைத்துக்கொள்கிறது. மிதக்கிற ஹீமோகுளோபின் அந்த வாயுவைப் பிடித்து விழுங்கிவிடும். உடனே குழாய் இறுகும். நல்ல நுரையீரல் இருப்பவனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே நுரையீரல் குழாய்கள் இறுகிக் கிடக்கிற லோகேஸ்வரி போன்றவர்களுக்கு, சாத்திய கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டது போல ஆகிவிடும். இதயத்தின் வலது பக்கம் முட்டி முட்டித் தோற்றுப்போகும். நுரையீரலைத் தாண்டி ரத்தம் வராததால் இடது பக்கத்துக்கு உடம்புக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது, பி.பி. விழும். உடனே நம் மேதைகள் அதே ரத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள்.

இரண்டாவது பை மேசையில் நின்றபடி தயாராக இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அணுக்கள் கீழே படிந்து, மேலே நிற்கிற தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். அது ரோஸ் நிறத்தில் இருந்தது. அளந்து பார்த்தால் விதிக்கு உட்பட்டுத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. சீட்டில் ரத்தம் எடுத்த தேதியைப் பார்த்தேன். கெடு முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி. அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அது ஒரு சினிமா ஹீரோவின் பிறந்த நாள்.

நம் பக்கத்தில் ரத்தம் எப்படிச் சேர்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஹீரோவுக்குப் பிறந்த நாள் வந்தால் ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ், பாலாபிஷேகம், ரத்ததான முகாம். ஒரே நாளில் குளிர்பெட்டி நிரம்பி வழியும். கையில் பஞ்சை வைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரிப்பார்கள். ஊரில் இருக்கிற வாலிபப் பசங்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் அடுத்த மூன்று மாதம் யாரிடமும் எடுக்க முடியாது. கல்லூரியும் கோடை விடுமுறையில் மூடிக்கிடக்கும். ஒரே நாளில் வந்த ரத்தம் ஒரே மாதிரி கிழடாகும். எதை எடுத்தாலும் பழசு. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்து சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் போங்களேன் என்றால், அதில் யாருக்கு என்ன பெருமை இருக்கிறது?

பையை நிறுத்தி, அந்த நைட்ரிக் ஆக்சைடு வாயுவையே சிலிண்டரிலிருந்து மூச்சோடு சேர்த்து விட்டேன். வலது பக்கத்துக்குத் தெம்பு தருகிற மருந்தையும் ஆரம்பித்தேன். நுரையீரல் அழுத்தம் மெல்ல இறங்கியது, பி.பி. கொஞ்சம் தலை தூக்கியது. ஆனால் குழாயில் கசிவு நின்றபாடில்லை, ரத்த அளவு குறைந்துகொண்டே போனது. ரத்தம் கொடுக்காவிட்டால் இன்று சாயங்காலத்துக்குள் போய்விடுவாள். இருக்கிற ரத்தத்தைக் கொடுத்தால் அதற்கு முன்பே போய்விடுவாள். பழைய ரத்தத்தைக் கழுவித் தருகிற இயந்திரம் ஒன்று எங்களிடம் இருந்தது. திறப்பு விழா அன்று அதற்கு மாலை போட்டதுதான் அதற்குக் கிடைத்த ஒரே பராமரிப்பு, பழுதாகி மூலையில் கிடந்தது. புது ரத்தம் ஒன்றுதான் வழி.

வாசலில் தாமோதரன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டாக்டரம்மா, காலைல கண்ணத் தொறந்து பாத்துக்கினு இருந்துச்சே, இப்ப இன்னாம்மா ஆச்சு? என் ரத்தத்த எடுத்துக்கோம்மா. எனுக்கும் அதே குரூப்புதான். எவ்ளோ வோணும்னாலும் எடுத்துக்கோ."

"கூடப் பொறந்தவன் ரத்தம் ஆகாதுப்பா" என்றேன்.

"இன்னாம்மா இப்டிச் சொல்ற? எங்க அக்கா அது. என் ரத்தம் ஆகாதா?"

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களை உடம்பு அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடும், அவை உள்ளே தங்கி உடம்பையே தின்ன ஆரம்பிக்கும், அந்த அணுக்களை முடக்க ரத்தத்துக்குக் கதிர்வீச்சு காட்டும் வசதி எங்களிடம் இல்லை என்றெல்லாம் அவனிடம் வாசலில் நின்று எப்படி விளக்குவது? சினிமாவில் அண்ணன் படுத்துக்கொண்டு தங்கைக்கு நேராக ரத்தம் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த ஜனம் இது. நீங்களும் அதையே பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். யாராவது வெளியாளைக் கூட்டிவந்தாலும், எடுத்து, நோய்த்தொற்றுப் பரிசோதனை செய்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ரத்த வங்கி அதிகாரிக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர்தான், ஆனால் எறும்பு கடித்தாலும் மேலிடத்தில் கேட்டுவிட்டுத்தான் சொறிவார்.

"புதுசா பி பாசிடிவ் இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா அது ரிசர்வ்."

"யாருக்கு?"

"மந்திரி தரிசனத்துக்கு வர்றாருல்ல மேடம். அவரு குரூப்பு. நம்ம நர்சிங் பொண்ணுங்ககிட்ட எடுத்து ரெடியா வெச்சிருக்கோம். போலீஸ்ல வந்து பாத்துட்டும் போயிட்டாங்க."

"அவருக்கு என்ன உடம்புக்கு?"

"ஒண்ணும் இல்ல மேடம். நல்லாத்தான் இருக்காரு."

திருப்பதியில் இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. பெரிய மனிதர் யார் மலைக்கு வந்தாலும் அவர் குரூப் ரத்தம், ஒரு படுக்கை, ஒரு ஆம்புலன்ஸ் காத்திருக்க வேண்டும். அவர் சாமி கும்பிட்டு, லட்டு தின்றுவிட்டுச் சுகமாகத் திரும்பிப் போவார். அதுவரைக்கும் இங்கே சாகிறவள் சாகலாம், குளிர்பெட்டியைத் திறக்கக் கூடாது. விதியில் எங்கே எழுதியிருக்கிறது, அவசரத்துக்கு எடுத்துவிட்டு வேறு ஏற்பாடு செய்யக் கூடாதென்று? அதை யாரும் படித்ததில்லை. பயம்தான் இங்கே விதி.

பயிற்சி டாக்டரைக் கூப்பிட்டேன். "நான் வர்ற வரைக்கும் அந்தப் பழைய பைய யாரு தொட்டாலும் கைய ஒடச்சுடுவேன்னு சொன்னேன்னு சொல்லு. சர்ஜனா இருந்தாலும் சரி." அவன் முகத்தில் முதல் தடவையாக ஒரு மகிழ்ச்சியைப் பார்த்தேன். கீழே இறங்கி நேராக ரத்த வங்கிக்குப் போனேன்.

அதிகாரி கையைப் பிசைந்தார். "மேடம், மேல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேளுங்க. அவங்க மீட்டிங்ல இருப்பாங்க. மீட்டிங் முடியறப்போ இவ இருக்க மாட்டா. என் பேர்ல எழுதித் தரேன், பைய எடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குளிர்பெட்டியைப் பார்த்தார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "நான் டீ குடிச்சுட்டு வர்றேன் மேடம். நான் இருக்கறப்போ எடுக்காதீங்க." லோகேஸ்வரியின் ரத்தத்தோடு அந்தப் புதுப் பைகளைப் பொருத்திப் பார்க்கச் சொல்லி டெக்னீஷியனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டுத்தான் போனார், அதையும் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் தைரியம் டீ குடிக்கப் போகிற ரூபத்தில்தான் வரும். அதுவாவது வந்ததே என்று நான் கும்பிடு போட்டேன்.

பொருத்தம் பார்த்து முடிகிற வரைக்கும் ஐ.சி.யூ.வில் அவள் தலைமாட்டில் நின்றேன். அந்த நேரத்தை எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு தடவை பி.பி. மறுபடியும் சரிந்தது. சர்ஜன் பழைய பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். புதுப் பை வந்தது. பிழியாமல், அவசரப்படாமல், நிதானமாக விட்டேன். நுரையீரல் அழுத்தத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அது ஏறவில்லை. பாதிப் பை போனது, ஏறவில்லை. பி.பி. மெல்ல மெல்ல மேலே வந்தது. இரண்டாவது பையும் போன பிறகு கசிவும் நின்றது. அதன் பிறகுதான் எனக்குப் பசியே தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே நீங்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் புது ரத்தம் கேட்டு ரத்த வங்கியில் போய் நிற்பீர்கள், எனக்குத் தெரியும். அந்தக் கூத்து வேண்டாம். பழையது முதலில் போக வேண்டும் என்பது நல்ல விதிதான், இல்லாவிட்டால் பாதி ரத்தம் சாக்கடைக்குப் போகும். பெரும்பாலான நோயாளிகளுக்குப் பழசும் புதுசும் ஒன்றுதான் என்று பெரிய பெரிய ஆய்வுகள் சொல்கின்றன, சரியாகவே சொல்கின்றன. ஆனால் உங்கள் படுக்கையில் கிடப்பவர் அந்தப் பெரும்பாலானவர்களில் ஒருவரா, லோகேஸ்வரியா என்று பார்த்துச் சொல்ல ஆய்வு வராது. அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

மந்திரி வந்தார், கும்பிட்டார், போனார். அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ரிசர்வைத் தொட்ட விஷயம் மறுநாள் நிர்வாக அதிகாரி காதுக்குப் போனது. கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே போனதும் கத்துவார் என்று பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். அவர் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஆமெ எவரி மனிஷி மேடம்?" என்று கேட்டார். அந்தம்மா யாருடைய ஆள் என்று.

"யாரோட ஆளும் இல்ல. நகரில தறி ஓட்டறவங்க."

அவர் சிரித்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார். மந்திரிக்கு வைத்த ரத்தத்தை எடுத்து ஒருத்திக்குக் கொடுக்கிற துணிச்சல் எனக்கு வந்ததென்றால், அவள் மந்திரிக்கும் மேலே இருக்கிற யாரோ ஒருவரின் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும். அந்த மனிதருக்கு வேறு எந்தக் காரணமும் தோன்றவில்லை. நோயாளி சாகக் கிடந்தாள் என்பது ஒரு காரணமாக அவர் புத்தியில் ஏறவே இல்லை. எனக்கு மெமோ வரவில்லை. "நீங்க சொல்ல வேணாம் மேடம், நான் பாத்துக்கறேன்" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

மூச்சுக் குழாயை எடுத்து, அவள் பேச ஆரம்பித்த பிறகு ஒரு காலையில் பார்க்கப் போனால், படுக்கை காலி. எனக்குத் திக்கென்றது. தனி அறைக்கு மாற்றிவிட்டார்களாம். போய்ப் பார்த்தேன். ஏசி, சோபா, கூடை நிறைய ஆப்பிள், வாசலில் ஒரு அட்டெண்டர். நிர்வாக அதிகாரியே காலையில் வந்து கைகூப்பி நலம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். தாமோதரன் சோபாவில் உட்காராமல் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். லோகேஸ்வரி அழுதுகொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, நெஜத்த சொல்லு. நான் பொழைக்க மாட்டேனா?"

"ஏன்மா அப்படிக் கேக்குற?"

"பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வந்து கும்புட்டுக்கினு போறாங்கோ. பழம் குடுக்குறாங்கோ. யாரும் ஒரு வார்த்த அதட்டல. எங்கள மாதிரி ஜனத்துக்கு ஆஸ்பத்திரில இப்டி எதுக்கும்மா செய்வாங்கோ? புள்ளைங்கள ஒருவாட்டி பாத்துடறேன், வரச் சொல்லும்மா."

நீ பிழைத்துவிட்டாய் என்று சொன்னேன், சத்தியம் செய்தேன், எக்கோ படத்தைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், ஒன்றையும் நம்பவில்லை. அன்றைக்கே அவளைப் பொது வார்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். அங்கே போய்ப் படுத்த கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து, "இன்னாமா மகாராணியாட்டம் படுத்துக்கினு கீற, ஏந்து நட" என்று ஒரு அதட்டல் போட்டாள். லோகேஸ்வரி முகம் மலர்ந்து தம்பியைப் பார்த்தாள். "டேய், எனுக்கு ஒண்ணும் இல்லடா" என்றாள்.